அடி விழுந்தது அப்பனுக்கு மட்டும்தானா?



"அடி வாங்கினது அப்பன்தானே சேர், புள்ளைக்கு என்னா வந்திச்சு?"

பொலிஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் நம்முடைய தோட்டத் தலைவர் ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவர் கெட்டவர் அல்ல. இருபது வருடமாகச் சங்கத்துக்காக நடந்து செருப்புத் தேய்ந்தவர். அன்றைக்கும் விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றவர். அப்படிப்பட்டவர் கேட்டதனால்தான் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறோம். அவருக்கு மட்டுமல்ல, நம் சங்கத்தில் அவரைப் போல நினைக்கிற எல்லோருக்கும், அதுவரைக்கும் அப்படியே நினைத்திருந்த எங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நடந்தது இதுதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிவுக் கிலோ பற்றிப் பேச்சு வந்தது. மட்டக் கொழுந்து, ஈரக் கொழுந்து என்று சொல்லி நிர்வாகம் கிலோவைக் கழிப்பதும், பெண்கள் முணுமுணுப்பதும் நமக்குப் புதிதல்ல. அன்றைக்கு முணுமுணுப்புச் சத்தமாகிவிட்டது. நாலு ஆண்கள் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் அன்று மாலையே வெளிக்கள உத்தியோகத்தரை மிரட்டியதாகப் பொலிஸில் முறைப்பாடு போய்விட்டது. இரவு பத்து மணிக்கு ஜீப் வந்தது.

லயத்தில் இருப்பவர்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை. முன்னால் ஒரு இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா, பின்னால் அடுப்பு. அந்த ஒரு காம்பராவுக்குள்தான் பாட்டியும் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். பங்களாவில் பொலிஸ் வந்தால் பிள்ளைகளை மேல்மாடிக்கு அனுப்பலாம். லயத்தில் எங்கே அனுப்புவது? அப்பனைப் பாயிலிருந்து இழுத்தால் பிள்ளையின் போர்வையும் சேர்ந்து வருகிறது. இஸ்தோப்பில் வைத்து அடித்தால் இருபது காம்பராப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அன்று இரவு ஏழு வயதுப் பையன் ஒருவன் அப்பனுடைய காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவனைப் பிய்த்துத் தள்ளியதில் நெற்றி நிலைக்கதவில் பட்டு வீங்கியது. நாலு பேரையும் கொண்டு போனார்கள். ஸ்டேஷனிலும் அடி விழுந்தது.

மறுநாள் சமாதானம். நிர்வாகம் முறைப்பாட்டை மீளப் பெற்றது. நம் ஆட்களும் "எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் நிம்மதியாக பஸ் ஏறினோம். எங்கள் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம், ஒளிக்கவில்லை.

தோட்டத்தின் பெயரையும் பொலிஸ் நிலையத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்தப் பையன் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். அவன் எங்கள் பாடசாலையில் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். அந்தச் சமாதானத்தில் அவனிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அவனுக்கு என்ன வந்தது என்று தலைவர் கேட்டாரே, வகுப்பறையில் நின்று நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். முதல் வாரம் அவன் வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தான், பேசவில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை. எழுந்து நின்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறான். ராத்திரியில் பாயை நனைக்கிறான் என்று தாய் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். ஏழு வயதில் திரும்பவும் தொடங்கியிருக்கிறது. மின்சார சபை ஜீப் பாதையில் ஏறிய சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போய்விட்டான். அவனுடைய அக்கா ஆறாம் வகுப்பு. தாய் கைதான முதல் நாட்களில் ஸ்டேஷனுக்கும், பிறகு ஆஸ்பத்திரிக்கும் அலைந்தபோது தம்பியையும் கைக்குழந்தையையும் பார்க்க வீட்டில் நின்றவள், ஒரு மாதத்தில் பாதி நாள் பாடசாலைக்கு வரவில்லை. தாய்க்கு அந்த நாட்களின் பேர் போயிற்று. தோடு அடகுக்குப் போயிற்று. அப்பன் இப்போது பின்னேரம் ஆனால் தவறணைக்குப் போகிறார். முன்பு போகாதவர்.

மற்றப் பிள்ளைகளையும் பாருங்கள். இடைவேளையில் புது விளையாட்டு ஒன்று வந்திருக்கிறது. இரண்டு பேர் பொலிஸ், ஒருவன் அப்பா. அப்பாவாக இருப்பவன் தலையில் கையை வைத்துக்கொண்டு குந்த வேண்டும். பொலிஸாக வருவதற்குத்தான் அடிபிடி. அந்த இரவில் எந்தப் பக்கம் இருப்பது நல்லது என்பதை எட்டு வயதுக்குள் அவர்கள் தாங்களாகவே படித்துக்கொண்டுவிட்டார்கள். நாங்கள் எத்தனை குடியியல் பாடம் நடத்தி இதை அழிப்பது?

"அவன் குடித்துவிட்டுச் சண்டை போட்டான், கசிப்பு விற்றான், அதனால்தான் அடித்தார்கள்" என்று சில வேளை நம்மவர்களே சொல்லக் கேட்கிறோம். கழிவுக் கிலோ கேட்டவனை அடித்தால் தப்பு, கசிப்புக்காரனை அடித்தால் பரவாயில்லை என்ற எண்ணம் லயத்தில் ஆழமாக இருக்கிறது. இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, எவரையும் சித்திரவதைக்கோ கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்தைக்கோ உட்படுத்தக் கூடாது என்கிறது. எவரையும் என்றால் எவரையும்தான். நல்லவனை என்று எழுதப்படவில்லை. யுத்த காலத்துக்குக் கூட அதில் விதிவிலக்கு வைக்கவில்லை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதை செய்த உத்தியோகத்தருக்கு ஆகக் குறைந்தது ஏழு வருடம், கூடியது பத்து வருடம் சிறை. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கொடுக்க நீதவான் இருக்கிறார். கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் அந்த நீதவான் முன்னால் நிறுத்துவதுதான் பொலிஸின் வேலை. இஸ்தோப்பில் வைத்தே தீர்ப்பும் தண்டனையும் கொடுப்பதற்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படவில்லை. அதுவும் நம் வரிப்பணத்தில். சீனியும் மாவும் வாங்கும்போது நாம் கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அடி ஏன் நிற்கவில்லை? மேலே இருப்பவர்களைப் பார்த்தால் தெரியும். 2023 டிசம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஒரு மனிதரைக் கைது செய்து, உடுப்பைக் கழற்றி, அடித்துச் சித்திரவதை செய்ததற்குப் பொறுப்பானவர்களில் ஒருவர் தேசபந்து தென்னகோன் என்று கூறியது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். வீட்டுக்கு அனுப்பினார்களா? இரண்டே மாதத்தில், 2024 பெப்ரவரியில், முழுப் பொலிஸ் மா அதிபராக்கினார்கள். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்த வேண்டி வந்தது, 2025 ஆகஸ்டில்தான் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. உச்சியில் இருப்பவருக்கே சித்திரவதைத் தீர்ப்பு ஒரு தடையாக இல்லையென்றால், மலையடிவார ஸ்டேஷனில் இருக்கும் கொஸ்தாப்பல் எதற்குப் பயப்பட வேண்டும்? அந்தக் காலத்தில்தான் 'யுக்திய' நடவடிக்கை என்று நாடு முழுக்க வீடு வீடாகப் புகுந்தார்கள். ஆயிரக்கணக்கில் கைது. அதை நிறுத்தும்படி ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் கேட்டார்கள். கேட்டு என்ன, ஜீப் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிள்ளைகளையே அடித்ததும் உண்டு. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் சிறுமி ஒருத்தி கொலை செய்யப்பட்டபோது 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனைப் பிடித்தார்கள். மரபணுப் பரிசோதனை அவன் இல்லை என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். உள்ளே தன்னை என்ன செய்தார்கள் என்று அவன் வெளியே வந்து சொன்னான். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரம், தர்கா நகரில் ஓட்டிசம் உள்ள 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பொலிஸார் அடித்தார்கள். அவன் ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்கவும் தெரியாத பிள்ளை. ஒருவன் சிங்களப் பிள்ளை, ஒருவன் முஸ்லிம் பிள்ளை. இது தமிழனுக்கு மட்டும் விழுகிற அடி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் திருத்திக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டு நின்ற கூட்டத்தில் சுடப்பட்டு இறந்தவர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கூலிக்கு உழைக்கிறவனின் பிள்ளை என்றால் எந்தப் பாஷை பேசினாலும் ஒரே இருட்டுத்தான்.

நமக்கு மிக அருகில் நடந்ததை மறந்துவிட்டோமா? 2023 மே மாதம், பதுளையைச் சேர்ந்த ஒரு தாய், கொழும்பில் வீட்டு வேலை செய்தவர், எஜமான் வீட்டில் நகை காணாமற் போனதென்ற முறைப்பாட்டில் வெலிக்கடைப் பொலிஸுக்குக் கொண்டுபோகப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. மூன்று பிள்ளைகளின் தாய். அப்போது நாம் ஊர்வலம் போனோம், பதாகை பிடித்தோம், அறிக்கை விட்டோம். அந்த மூன்று பிள்ளைகள் இன்று என்ன படிக்கிறார்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று நமக்குள் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கும் தெரியாது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நம் சங்க மரபிலேயே இந்தக் குறை இருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் விழுந்தார். சங்க உரிமைக்காக மலையகம் கொடுத்த முதல் உயிர் என்று சொல்கிறோம். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். இருவருடைய பெயரையும் மே தின மேடையில் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வெடிச் சத்தத்தை லயத்து வாசலில் நின்று கேட்ட பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று நாங்கள் படித்த எந்த நினைவு மலரிலும் ஒரு வரி காணவில்லை. 1977இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று நம் லயங்களில் தாத்தா பாட்டிகள். போய்க் கேளுங்கள், இன்னும் சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் முதுகையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரம்பை எடுத்த கை எங்களுடையது. பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கைக்கு மேல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2021 பெப்ரவரியில் ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது 11ஆம் உறுப்புரையை மீறியது என்று உயர் நீதிமன்றமே சொன்னது. பொலிஸ்காரனைக் குற்றம் சொல்லும் அதே உறுப்புரைதான். பெரிய மனிதன் சின்னவனை அடிக்கலாம் என்று முதலில் நாங்கள் காட்டிக் கொடுக்கிறோம், பிறகு காக்கிச் சட்டை வந்து அதையே பெரிதாகச் செய்கிறது. "சாப்பிடு, இல்லாட்டி பொலிசு புடிச்சிக்கிட்டுப் போயிடும்" என்று சோறு ஊட்டுகிற தாய்மாரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடித்துவிட்டு வந்து புருஷன் அடிக்கிற இரவில், உதவிக்கு ஓட வேண்டிய இடம் அந்தப் பொலிஸ்தான். பொலிஸ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தாய் அடிபடும்போது ஒரு பிள்ளை பயமில்லாமல் ஓடிப்போய்ச் சொல்லக்கூடிய பொலிஸ் வேண்டும் என்கிறோம்.

இனி, தலைவர்மாரிடம் நேராகப் பேச வேண்டிய விஷயம்.

"பொலிஸைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, நாளைக்கும் அங்கேதான் போக வேண்டும்" என்கிறீர்கள். சரி. ஆனால் உங்கள் சமாதானத்தின் விலை என்னவென்று தெரியுமா? அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை. நாம் என்ன செய்கிறோம்? முதல் வாரம் ஸ்டேஷனில் பேச்சு. இரண்டாம் வாரம் துரையோடு பேச்சு. மூன்றாம் வாரம் "மேலிடத்தில் சொல்லியிருக்கிறோம், பொறுங்கள்." நாலாம் வாரம் தோட்டத்துத் திருவிழா. ஐந்தாம் வாரம் போனால் சட்டத்தரணி கையை விரிக்கிறார். அந்த ஒரு மாதத்தைத் திருடியது பொலிஸ் அல்ல, நாம்தான். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அதே ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் இந்தத் தவணையில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியும் எடுக்கலாம். அதை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல், அதே வாரத்தில் ஒரு சட்டத்தரணியையும் பார்க்க வேண்டும். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அடிபட்டவரைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், யார் அடித்தது என்பதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி எழுத வைக்க வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேட்க வேண்டும். "விழுந்துட்டேன்" என்று சொன்னால் விழுந்ததாகத்தான் எழுதுவார்கள். அந்தப் பையனின் நெற்றி வீக்கத்தை யாரும் டொக்டரிடம் காட்டவில்லை. தாய் தேங்காய் எண்ணெய் தடவினார். இப்போது வீக்கமும் இல்லை, சாட்சியும் இல்லை. பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை எந்தத் தாயும் நேராக அழைக்கலாம். சங்கத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லை.

கையெழுத்து விஷயம் இன்னொரு பெரிய தலைவலி. தமிழும் அரச கரும மொழி என்று சட்டத்தில் இருக்கிறது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. நம் ஆள் தமிழில் சொல்கிறார், எழுதுகிறவர் தனக்கு விளங்கியதை எழுதுகிறார், "இங்கே போடு" என்று விரலை வைக்கிறார். தமிழில் எழுதித் தாருங்கள், இல்லையென்றால் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பது நம் உரிமை. அப்படிக் கேட்டால் இரவு முழுக்க வாங்கில் உட்கார வைப்பார்கள் என்பதும் தெரியும். உட்கார்ந்து பார்ப்போம். நாலு தோட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளுக்கு வழி பிறக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் காரணம் பற்றி நிர்வாகங்களுக்கும் சொல்ல வேண்டும். கழிவுக் கிலோ ஒரு தொழில் பிணக்கு. 1950ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களம் இருக்கிறது, தொழில் ஆணையாளர் இருக்கிறார். தராசுக்குப் பக்கத்தில் வந்த வாய்த்தகராறுக்கு இரவு பத்து மணிக்கு ஜீப்பை அனுப்ப வைத்தது யார்? துரைமாருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் அன்று இரவு நன்றாகத் தூங்கியிருப்பார்கள். தூங்கட்டும், பிள்ளைகள்மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் தொழில் பிணக்கில் பொலிஸை அழைத்த தோட்டத்தில், அடுத்த பேச்சுவார்த்தையின் முதல் விடயமாக அதுவே இருக்க வேண்டும். சம்பளத்துக்கும் முன்னால்.

அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் நாங்கள் கொண்டுவரும் தீர்மானம் இது: பொலிஸ் அடித்த எந்தச் சம்பவத்திலும், ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போகும்வரை சங்கப் பிரதிநிதி எவரும் சமாதானக் கையெழுத்துக்கு ஆளைக் கூட்டிப் போகக் கூடாது. தகப்பன் அல்லது தாய் உள்ளே இருக்கும் நாட்களில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பாடசாலைக்குப் போகத் துணையும் மாதர் சங்கம் பார்க்க வேண்டும், அதற்குச் சந்தாப் பணத்திலிருந்து ஒரு தொகை ஒதுக்க வேண்டும். எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். வந்து எதிர்த்துப் பேசட்டும், மறைவில் முணுமுணுக்க வேண்டாம்.

தேத்தண்ணிக் கடையில் கேள்வி கேட்ட தலைவரை இதை எழுதுவதற்கு முன் ஒரு நாள் பாடசாலைக்கு அழைத்தோம். வந்தார். இரண்டாம் வகுப்புக் கடைசி வாங்கில் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை தொலைபேசி எடுத்து, "தீர்மானத்துல என் பேரையும் போடுங்க சேர்" என்றார். மற்றத் தோட்டங்களில் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மாத முடிவுக்கு முன் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கவும்.